பிளஸ் டூ மாணவியர் வழியனுப்பு விழா: நன்றித் திருப்பலியை எப்படி அமைப்பது?

பொருநையாள் | 6 ஜனவரி 2026, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் அருட்சகோதரிகள் நடத்தும், அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தாவரவியல் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். பிளஸ் டூ மாணவியரை வழியனுப்பும் விழாவை ஒழுங்குசெய்யும் பொறுப்பை இந்த ஆண்டு என்னிடமும் இன்னும் இரண்டு ஆசிரியைகளிடமும் ஒப்படைத்திருக்கிறார்கள்.

இதுவரை இருந்துவரும் வழக்கம் இதுதான். காலையில் பங்குக் கோயிலில் நன்றித் திருப்பலி. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு முழுவதும் வரிசையாகச் செல்ல வேண்டும். பிறகு கலையரங்கில் பதினொன்றாம் வகுப்பினரின் கலை நிகழ்ச்சி, பேச்சுகள், மெழுகுதிரி ஏற்றல், பிரியாணி, வகுப்புவாரியாகப் புகைப்படம். இந்த ஆண்டு வெளியேறும் 118 பேரில் கத்தோலிக்கர் ஏறத்தாழ முப்பது பேர். சி.எஸ்.ஐ. சபையினர் சிலரும் இஸ்லாமியர் இருபதுக்கு மேலும் இருக்கிறார்கள், மற்றவர்கள் இந்துக்கள். புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியை சிஸ்டர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எண்பத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் எதைத் தருகிறது என்று கேட்டார். எங்களில் யாருக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆசிரியர் அறையில் மூன்று கருத்துகள் நிலவுகின்றன. வழக்கத்தை மாற்ற வேண்டாம் என்பது ஒன்று. திருப்பலி கத்தோலிக்க மாணவியருக்கு மட்டும் போதும் என்பது இரண்டாவது. திருப்பலியே வேண்டாம், பல்சமய வழிபாடு வைத்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. இத்தகைய விழாக்களை நடத்தியவர்களும் அவற்றில் அமர்ந்திருந்தவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும். தேதியும் இன்னும் முடிவாகவில்லை.

பழைய மணி | 6 ஜனவரி 2026, இரவு 10.05

அம்மா, முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். மற்றவற்றில் பாதி அதிலேயே முடிவாகிவிடும். ஆர்.சி. பள்ளி ஒன்றில் நெடுங்காலம் தலைமையாசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இந்த ஆண்டு திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18-ஆம் தேதி வருகிறது. அதற்குப் பிறகு என்றால், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் திருப்பலிதான்: வானவர் கீதம் இல்லை, அல்லேலூயா இல்லை, பீடத்தில் பூ இல்லை, இசைக்கருவியும் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம். நன்றித் திருப்பலிக்கு அந்தச் சூழல் பொருந்தாது. ரமலான் நோன்பும், பிறையைப் பொறுத்து, அதே வாரத்தில்தான் தொடங்குகிறது. பிள்ளைகள் இருபது பேர் நோன்பிருக்கும் நாளில் அவர்களுக்கு எதிரே பிரியாணி பரிமாறுவதைப் போன்ற கவனக்குறைவு வேறு இருக்க முடியாது. இந்தப் பக்கம் பார்த்தால் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. உங்கள் பகுதியில் திருச்செந்தூருக்கு நடந்து செல்லும் குடும்பங்கள் நிறைய இருக்கும். மறுநாள் காலையில் பிள்ளைகள் கால் வலியோடு வருவார்கள், அல்லது வரமாட்டார்கள். செய்முறைத் தேர்வுகள் பிப்ரவரி இரண்டாம் வாரத்தை விழுங்கிவிடும். ஆகவே உங்களுக்கு எஞ்சுவது பிப்ரவரி முதல் வாரம் மட்டுமே. அதிலும் வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள். ஜும்ஆ தொழுகை ஒருபுறம், அசைவம் உண்ணாத வீடுகள் மறுபுறம். பிப்ரவரி 5, வியாழக்கிழமை என்பது என் பரிந்துரை.

இன்னொரு வசதியும் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கான பொதுத்தேர்வை இந்தக் கல்வியாண்டு முதல் நீக்கிவிட்டார்கள் அல்லவா? விழாவை நடத்தும் இளையவர்களுக்கு முந்தைய ஆண்டுகளில் இருந்த நெருக்கடி இம்முறை இராது.

வழக்காடி | 7 ஜனவரி 2026, காலை 7.15

திருப்பலிக்கு எல்லோரும் "வரிசையாகச் செல்ல வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவைத் தலைமையாசிரியை அவர்கள் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. அரசின் அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு நிதியிலிருந்து உதவி பெறும் கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவருடைய சம்மதமின்றி, அவர் உரிய வயதை எட்டாதவராயின் பாதுகாவலரின் சம்மதமின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. உதவி பெறும் பள்ளிக்கு மட்டுமே இது பொருந்தும் என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கீகாரம் பெற்ற சுயநிதி மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் இது பொருந்தும். 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளியை நடத்தும் உரிமையைத் தருகிறது. பிறரை வழிபாட்டுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தும் உரிமையை அது தரவில்லை.

1986-ஆம் ஆண்டின் பிஜோ இம்மானுவேல் வழக்கும் இங்கே நினைவுக்கு வருகிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அதற்காகப் பள்ளி அவர்களை நீக்கியது. உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ஏற்கவில்லை. மரியாதையோடு எழுந்து நிற்கும் பிள்ளை, வாய் திறந்து பாடாததால் அவமதித்துவிட்டதாக ஆகாது. வழிபாட்டின்போது கைகூப்பாமல் அமைதியாக அமர்ந்திருக்கும் மாணவியை அதட்டும் கண்காணிப்பாளர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

இது வெளியிலிருந்து வரும் நெருக்கடி மட்டும் அன்று. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2024-இல் தன் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், பிற சமய மாணவர்மீது கிறித்தவ மரபுகளைத் திணிக்க வேண்டாம் என்றும் காலை வணக்கத்தில் அரசமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது.

சிலுவைத்திண்ணை | 7 ஜனவரி 2026, பிற்பகல் 1.30

மறைக்கல்வி கற்பிப்பவன் என்ற நிலையில் மறுபக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். திருப்பலி என்பது நிகழ்ச்சி நிரலின் முதல் உருப்படி அன்று. பள்ளி விழாக்களில் அதற்கு நேரும் கதியைப் பார்த்தால் மனம் கசக்கிறது. "பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது, பாதர், நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுங்கள்" என்பார்கள். மறையுரை தேர்வு அறிவுரையாக மாறிவிடும். காணிக்கைப் பவனியில் கால்குலேட்டரும் பதிவேடும் டிராபியும் வரும். எல்லோருக்கும் ஏற்றதாக ஆக்குகிறோம் என்ற பெயரில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக்கூட அது திருப்பலியாக இல்லாமல் போய்விடுகிறது.

ஓர் ஊரில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகர்ந்தபோது, முன்னால் இருந்த தோழி எழுந்ததைப் பார்த்து ஓர் இந்து மாணவியும் எழுந்து வந்தாள். கையை நீட்டினாள், வழங்கியவரும் கவனிக்கவில்லை. அப்பத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கோயில் பிரசாதத்தை வீட்டுக்கு எடுத்துப்போவதைப் போலக் கைக்குட்டையில் பத்திரமாக மடிக்கத் தொடங்கினாள். சிஸ்டர் ஒருவர் பதறிப்போய் நடுவழியில் ஓடிவந்து அதை வாங்கினார். முழுக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளை செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. திருச்சபைச் சட்டத்தின் 844-ஆம் எண் இதில் தெளிவாக இருக்கிறது; சில விதிவிலக்குகள் நீங்கலாக, நற்கருணை போன்ற அருளடையாளங்கள் கத்தோலிக்கருக்கே. இதை ஒலிபெருக்கியில் "கத்தோலிக்கர் மட்டும் வரவும்" என்று அறிவித்தால் புண்படுகிறது. அறிவிக்காவிட்டால் இப்படி நடக்கிறது. ஆகையால் திருப்பலியை விருப்பமுள்ளோருக்கென்று தனியே வைத்துவிடுங்கள். அதை முழுமையாக, உரிய பாடல்களோடு, அவசரமில்லாமல் நடத்துங்கள்.

கொற்கை வாசகி | 7 ஜனவரி 2026, இரவு 9.20

நான் கான்வென்ட்டில் படித்த இஸ்லாமியப் பெண். சிலுவைத்திண்ணை ஐயா சொல்வது நியாயமாகத் தோன்றினாலும், "தனியே" என்ற ஏற்பாடு பிள்ளைகளுக்கு எப்படிப்படும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் மறைக்கல்வி வகுப்பு நேரத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகள் சிற்றாலயத்துக்குப் போவார்கள். நாங்கள் நீதிபோதனை வகுப்பில் இருப்போம். அதில் எங்களுக்கு வருத்தம் இருந்ததில்லை, ஏனென்றால் இருவருக்கும் அந்த நேரத்தில் ஒரு வேலை இருந்தது. ஆனால் கடைசி நாளில் திருப்பலிக்கு அவர்கள் மட்டும் போனபோது, நாங்கள் கலையரங்கில் நாற்காலி எடுத்துப்போட்டுக் கொண்டிருந்தோம். ஏழாண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் திரும்பி வந்தபோது அவள் நெற்றியில் பாதர் வரைந்த சிலுவை ஆசீர் இருந்தது. எங்களுக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்குச் சிலுவை வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் தலையில் கைவைத்து "போய் வா" என்று சொல்லவும் யாரும் இல்லை என்பதுதான் உறுத்தியது. பிறகு வரலாற்று ஆசிரியை சிஸ்டர் ஒருவர், யாரும் சொல்லாமலே, கைகழுவும் இடத்தில் எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து ஏதோ முணுமுணுத்து அனுப்பினார். விழாவில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

ஆகவே திருப்பலிக்கு யார் வருவது என்பதைவிட, திருப்பலிக்கு வராதவளுக்குப் பள்ளி எதைக் கொடுத்து அனுப்புகிறது என்று கேளுங்கள். பல்சமய வழிபாடு என்ற பெயரில் ஒரு சுலோகம், ஒரு சூரா, ஒரு சங்கீதம் என்று மூன்று பேரை மேடையேற்றி ஒப்பிக்க வைப்பதும் எனக்கு உவப்பானதன்று. அது யாருடைய பிரார்த்தனையும் ஆகாது. எங்களுக்காக சிஸ்டர்கள் அவர்களுடைய கடவுளிடம் வேண்டுவதை நாங்கள் என்றுமே தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

செந்தூர்ப் பாதை | 8 ஜனவரி 2026, காலை 6.50

கொற்கை வாசகி அவர்களின் கடைசி வரியோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். என் மகள் இப்போது வேறொரு கத்தோலிக்கப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கெபியில் (குகை வடிவ மாடத்தில்) இருக்கும் மாதாவுக்கு அவளே பூ வாங்கிக்கொண்டு போவாள். அதை நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் எங்களைக் கேட்டுவிட்டு அழைத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லையே. ஒரு கடிதம் போதும்.

மெழுகுதிரி பற்றி ஒன்று. கடந்த ஆண்டு என் மூத்த மகளின் விழாவில், எல்லோரும் திரி ஏற்றி உறுதிமொழி எடுத்து முடிந்ததும், ஒலிபெருக்கியில் "இப்போது ஊதி அணைத்துவிடுங்கள்" என்றார்கள். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள். பொதுத்தேர்வு வாசலில் நிற்பவர்கள். பாதிப் பேர் தயங்கிக்கொண்டு பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் தாயார் அன்று முழுக்கப் புலம்பித் தீர்த்துவிட்டார். அணைப்பதற்கு வேறு வழி இருந்தால் நன்றாயிருக்கும்.

பழைய மணி | 8 ஜனவரி 2026, காலை 9.10

மணல்தான் வழி. அகலமான தட்டுகளில் மணல் நிரப்பி வைத்து, திரியை அதில் செருகிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அது தானாக எரிந்து குளிரட்டும். மூடிய அரங்குக்குள் 118 திரிகள் என்பதை நான் ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன். அன்று பிள்ளைகள் எல்லோரும் செயற்கை இழைப் புடவையில் வருவார்கள். முந்தானை காற்றில் பறக்கும். 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்கு இழந்த மாநிலம் இது. திறந்த மைதானத்தில், மாலை வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு கையளவு இடைவெளிக்குப் பதில் இரண்டு எட்டு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். தண்ணீர் வாளிகளும் இருக்கட்டும்.

கடைசி பெஞ்ச் 24 | 8 ஜனவரி 2026, மாலை 5.45

நான் 2024-இல் பிளஸ் டூ முடித்தேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் மாணவியர் தரப்பையும் வைக்கிறேன்.

முதலாவது, புடவை. எல்லோரும் ஒரே நிறத்தில் எடுக்க வேண்டும் என்று வகுப்புத் தலைவிகள் முடிவு செய்வார்கள். ஆசிரியைகள் அதைப் பிள்ளைகளின் ஆசை என்று விட்டுவிடுவார்கள். புடவை, ரவிக்கை தையல் கூலி, பூ, ஒப்பனை என்று சேரும்போது கட்ட முடியாதவர்கள் இருப்பார்கள். என் வகுப்பில் இரண்டு பேர் காய்ச்சல் என்று சொல்லி வரவில்லை. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அம்மாவிடமோ அக்காவிடமோ இருக்கும் புடவை எதுவானாலும் சரி, புதிதாக வாங்கக் கூடாது என்று தலைமையாசிரியை வாயிலிருந்து வந்தால் மட்டுமே இது நிற்கும்.

இரண்டாவது, பேச்சுகள். தாளாளர், தலைமையாசிரியை, உதவித் தலைமையாசிரியை, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பழைய மாணவியர் சங்கம் என்று எல்லோரும் ஒரே கழுகுக் கதையைச் சொல்வார்கள். ஒருவர் பேசினால் போதும். எங்களைப் பேசவிட்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது, பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக் சேர்ந்தவர்கள், பதினொன்றில் திருமணமாகிப் போனவர்கள் பெயரையாவது யாராவது சொன்னால் நன்றாயிருக்கும்.

பொருநையாள் | 9 ஜனவரி 2026, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. இன்று சிஸ்டரோடு நீண்ட நேரம் பேசினோம். பிப்ரவரி 5-ஐ ஏற்றுக்கொண்டார். திருப்பலியைக் காலை 7 மணிக்கு, பள்ளி தொடங்குவதற்கு முன்பே வைத்து, எல்லாப் பெற்றோருக்கும் அழைப்பாக மட்டும் தெரிவிப்பது என்றும், பள்ளியின் உண்மையான வழியனுப்புதலை மாலை 4 மணிக்கு மைதானத்தில், 118 பேரும் இருக்கும்போது நடத்துவது என்றும் பேசிக்கொண்டோம். அதில் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி அழைத்து, வகுப்பாசிரியை திரியை ஏற்றித் தர, சிஸ்டர் வாழ்த்தி அனுப்புவார். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: ஒருவருக்குப் பத்து விநாடி என்றால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், ஒரு தாளாளர் உரையைவிடக் குறைவு.

புடவை பற்றிய விதியைச் சிஸ்டரே காலை வணக்கத்தில் அறிவிப்பதாகச் சொல்லிவிட்டார். படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளின் பெயர்களை ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலிருந்து நான் எடுத்து வருகிறேன்.

இப்போது எஞ்சுவது சொற்கள். பெயர் சொல்லி அழைத்தபின் சிஸ்டர் என்ன சொல்வது? கிறிஸ்துவின் பெயரைத் தவிர்த்துவிட்டால் கத்தோலிக்கப் பள்ளி என்பதற்கே பொருளில்லை என்கிறார் ஓர் ஆசிரியை. சேர்த்தால் பிறர் என்ன நினைப்பார்களோ என்கிறார் மற்றொருவர்.

முத்துநகரான் | 10 ஜனவரி 2026, காலை 11.00

உங்கள் தேதிக்கு மூன்று நாள் முன்னதாக, பிப்ரவரி 2-ஆம் தேதி, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா வருகிறது. மெழுகுதிரிகளை மந்திரிப்பது, அதாவது ஆசீர்வதிப்பது, அன்றுதான். உங்கள் 118 திரிகளையும் அன்றைய திருப்பலியில் வைத்து மந்திரித்து எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய நற்செய்தியும் உங்களுக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கும்: முதியவர் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தி, தன்னை அமைதியோடு போகவிடும்படி கேட்கிறார், அந்தக் குழந்தையை எல்லா மக்களினங்களுக்கும் ஒளி என்கிறார். விடைபெறுதலும் ஒளியும் ஒரே பாடலில். இங்கே விடைபெறுவது முதியவர், உங்கள் விழாவிலோ இளையவர்கள் என்பது மட்டுமே வேறுபாடு. திருச்சபையின் இரவுச் செபத்தில் நாள்தோறும் இடம்பெறும் பாடல் என்பதால் சிஸ்டருக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

வாழ்த்து அட்டை அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். எரேமியா 29:11 வேண்டாம். எதிர்காலமும் நம்பிக்கையும் தருவேன் என்ற அந்த வசனம் இல்லாத வழியனுப்பு அட்டையை நான் பார்த்ததே இல்லை. அது பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோருக்கு எழுதிய மடல். முந்தைய வசனத்திலேயே எழுபது ஆண்டு அங்கே இருக்க வேண்டும் என்று வருகிறது, அதை யாரும் அச்சடிப்பதில்லை! அதே மடலில் ஏழாம் வசனம் இருக்கிறது: போய்ச் சேரும் நகரின் நலனைத் தேடுங்கள், அதற்காக மன்றாடுங்கள். சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் விடுதிப் பெட்டியைத் தூக்கப்போகும் பிள்ளைகளுக்கு அது பொருந்தும்.

சிலுவைத்திண்ணை | 10 ஜனவரி 2026, பிற்பகல் 3.40

சொற்களுக்கு எண்ணிக்கை நூல் 6:24-26 இருக்கிறதே. ஆரோனும் அவர் புதல்வரும் மக்களுக்கு ஆசி கூறும்படி கடவுள் கற்றுக்கொடுத்த மூன்று வரிகள். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், தம் முகத்தை உன்மேல் ஒளிரச் செய்யட்டும், உனக்கு அமைதி தரட்டும் என்பதே அதன் சாரம். யூதர்கள் இன்றும் தங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறார்கள். நமக்கும் அது இறைவாக்கு. எதையும் வெட்டாமல், யாரையும் ஒதுக்காமல் அப்படியே சொல்லலாம். ஆசி கேட்பவர் எதையும் அறிக்கையிட வேண்டியதில்லை என்பதும் இதில் ஒரு வசதி. காலைத் திருப்பலியில் கிறிஸ்துவின் பெயர் நிறைவாகவே ஒலிக்கும். அந்த ஆசிரியையிடம் அதைச் சொல்லுங்கள்.

எல்லோரையும் தனியே பிரிப்பதைப் பற்றிக் கொற்கை வாசகி எழுதியதைப் படித்த பிறகு, மாலை நிகழ்ச்சியே முதன்மையானது என்பதை நானும் ஏற்கிறேன். காலைத் திருப்பலிக்கு வர விரும்பும் பிற சமயப் பிள்ளைகளுக்கு, முந்தைய நாள் வகுப்பறையில் வைத்து, நற்கருணை நேரத்தில் அமர்ந்திருக்கலாம் என்பதை ஒரு ஆசிரியை அமைதியாக விளக்கிவிட்டால் போதும்.

கொற்கை வாசகி | 10 ஜனவரி 2026, இரவு 7.30

அந்த மூன்று வரிகளைக் கேட்க நான் மறுபடியும் வரிசையில் நிற்பேன். ஆனால் கை வைப்பதற்கு முன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையில் கைவைப்பதை விரும்பாதவளும் இருக்கலாம். முக்காடிட்டவள் சற்று விலகி நின்றால் கையை உயர்த்தி வாழ்த்தினாலும் போதும்.

வழக்காடி | 11 ஜனவரி 2026, காலை 8.00

கடிதத்தில் இரண்டு செய்திகளைத் தெளிவாக எழுதுங்கள். காலைத் திருப்பலி விருப்பத்துக்குரியது. வராதவருக்கு வருகைப்பதிவில் எந்தப் பாதிப்பும் இல்லை. மாலை நிகழ்ச்சியில் பள்ளியின் மரபுப்படி ஆசியுரை உண்டு. அதில் மகள் பங்கேற்பதில் தயக்கமிருந்தால் தெரிவிக்கலாம். பெற்றோர் கையொப்பமிடும் துண்டுச் சீட்டு கடிதத்தின் அடியில் இருக்கட்டும். "சம்மதமில்லை எனில் மட்டும் திருப்பி அனுப்பவும்" என்று போடாதீர்கள். அதற்குப் பெயர் சம்மதம் அன்று.

பழைய மணி | 11 ஜனவரி 2026, மாலை 6.25

ஒன்று விட்டுப்போயிற்று. தேர்வு நுழைவுச்சீட்டையும் பேனாவையும் பீடத்தில் வைத்து மந்திரிக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், பிப்ரவரி 5-க்குள் சீட்டு கைக்கு வந்திருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் தனியாக, பத்து நிமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதுவோரின் பாதுகாவலரான குப்பெர்த்தினோ புனித யோசேப்பின் திருநாள் செப்டம்பர் 18-இல் வந்துவிடுவதால், அவர் நம் மார்ச் மாதத் தேர்வுக்கு ஒருபோதும் நேரத்துக்கு வந்ததில்லை என்று எங்கள் பழைய தாளாளர் சிரிப்பார்.

பொருநையாள் | 12 ஜனவரி 2026, இரவு 9.05

கடிதத்தை இன்று தட்டச்சு செய்தாயிற்று. பொங்கல் விடுமுறை முடிந்ததும் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புகிறோம். மணல் தட்டுகளுக்குச் சத்துணவுக் கூடத்தில் பழைய அலுமினியத் தாம்பாளங்கள் ஆறு கிடைத்திருக்கின்றன. பதிவேட்டிலிருந்து இதுவரை பதினான்கு பெயர்கள் எடுத்திருக்கிறேன். அவர்களில் நால்வரின் தொலைபேசி எண் கிடைத்துவிட்டது, அழைத்துப் பார்க்கப் போகிறேன். மாலை நிகழ்ச்சியில் மாணவியர் சார்பாக யார் பேசுவது என்பதை மட்டும் வகுப்புகளே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம். கடைசி பெஞ்ச் 24, உங்கள் வகுப்பில் அதை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

கடைசி பெஞ்ச் 24 | 12 ஜனவரி 2026, இரவு 10.40

எங்களுக்கு ஆசிரியைகளே முதல் மதிப்பெண் எடுத்தவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், டீச்சர். நீங்கள் சீட்டு குலுக்கிப் போடுங்கள். பேச விரும்புகிறவர்கள் மட்டும் பெயர் எழுதிப் போடட்டும்.